'ரன்' என்றால் 'ஓடு' மட்டும்தானா? அகராதி வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆங்கிலம்–தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

இந்தக் கல்வியாண்டுக்கென்று கடைகளுக்கு வந்திருக்கும் கையடக்க அகராதி ஒன்றில் 'ரன்' என்ற வினைச்சொல்லைப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். அட்டை புதிது. முகப்பில் 'திருத்திய பதிப்பு' என்று போட்டிருக்கிறது. உள்ளே இருப்பது பழைய வரிதான்: ஓடு, விரைந்து செல், பாய், நடத்து, போட்டியிடு. ஐந்து சொற்களைக் காற்புள்ளி போட்டு அடுக்கியாயிற்று, அவ்வளவுதான். எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்று ஒரு குறிப்பு இல்லை, எடுத்துக்காட்டுக்கு ஒரு வாக்கியம் இல்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த வரியை எடுத்துவிட்டு 'ரன்' பதிவைப் புதிதாக எழுதுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு வாக்கியமாவது கொடுங்கள்.

இந்தச் சொல்லின் கனம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்'. பின்னர் அந்த அகராதியைத் திருத்தும் பணியில் 'ரன்' அதை முந்தியது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். அவற்றைப் பிரித்து ஒழுங்குபடுத்தப் பீட்டர் கிலிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 645 பொருளையும் கையடக்க அகராதியில் எதிர்பார்க்க முடியாது, அப்படி யாரும் கேட்கவுமில்லை. அன்றாடம் கண்ணில் படும் பதினைந்து பொருளைச் சரியாகக் கொடுத்தால் பள்ளிப் பிள்ளைக்கு அது போதும்.

இந்த ஒரு வரியால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைக்கலாம். ஒரு வீட்டில் கிணற்றுக்குப் புது மோனோபிளாக் மோட்டார் வாங்குகிறார்கள். பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு தாள். 'டூ நாட் ரன் த பம்ப் டிரை' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அப்பா ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளிடம், "என்னம்மா போட்டிருக்கான், பாரு" என்று நீட்டுகிறார். அந்த வீட்டில் ஆங்கிலம் கேட்க வேறு ஆள் இல்லை, அகராதிதான் வாத்தியார். 'ரன்' என்றால் ஓடு. 'டிரை' என்றால் உலர்ந்த, காய்ந்த. இரண்டையும் சேர்த்தால் வருவது 'பம்ப் உலர்ந்து ஓடாதே'. அதிலிருந்து அவள் அப்பாவிடம் என்ன சொல்ல முடியும்? மோட்டாரை ஈரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறான் என்றா, மோட்டார் பக்கத்தில் ஓடக் கூடாது என்றா?

தாள் சொல்வது இதுதான்: தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டாதே. அந்தப் பம்பின் தண்டில், தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் ஒன்று இருக்கிறது. வழவழப்பாகத் தேய்த்த இரண்டு முகங்கள், ஒன்று கார்பன், மற்றது பெரும்பாலும் பீங்கான். ஒன்று அசையாமல் நிற்கும், மற்றது அதோடு உரசிக்கொண்டே சுற்றும். நடுவில் படலம் போல நிற்கும் தண்ணீர்தான் அவற்றுக்கு எண்ணெயும் குளிர்ச்சியும். கிணற்றில் நீர் இறங்கிவிட்டாலோ, ஃபுட் வால்வு பழுதாகிக் குழாயில் நின்ற தண்ணீர் வடிந்துபோனாலோ, அந்தப் படலம் போய்விடும். சில நிமிடங்களிலேயே சூடேறிப் பீங்கான் விரிசல் விடும். அதன் பிறகு தண்ணீர் ஊற்றி ஓட்டினாலும் தண்டு வழியே கசிந்து பேரிங்கைப் பிடிக்கும். இவ்வளவையும் தடுக்க எழுதிய ஒரு வரி, 'ஓடு' என்ற ஒற்றைச் சொல்லால் அந்தப் பிள்ளைக்குப் புரியாமல் போகிறது. அவள் படித்தாள், தேடினாள், அகராதியைப் புரட்டினாள். அவள் செய்ய வேண்டியதில் எதையும் விடவில்லை.

எனக்கு மனம் ஆறாதது எதில் என்றால், இதைச் சரியாகச் சொல்லத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. 'ஓடு' பக்கத்திலேயே 'ஓட்டு' இருக்கிறது. தானே நடந்தால் ஓடு, நடக்கவைத்தால் ஓட்டு. தன்வினை, பிறவினை. ஆடு–ஆட்டு, கூடு–கூட்டு, உருகு–உருக்கு போல இது நம் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு வந்த இலக்கணம்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இதே இரட்டைதான் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' என்றால் தானே ஓடுவது, நீர் போலப் பாய்வது. அதுவே எழுத்து இடம் மாறி 'இர்னன்' என்றும் வழங்கியது, தசை சதை ஆனது போல. அதன் பிறவினை வழியில் 'ஆர்னன்' என்று இன்னொரு வினை இருந்தது. குதிரையைச் செலுத்து, விரைந்து சவாரி போ என்ற பொருள் அதற்கு. வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியிலும் இதே இணை உண்டு, அதன் தாக்கமும் சேர்ந்தது. காலப்போக்கில் எல்லாம் கலந்து 'ரன்' என்ற ஒரே வடிவமாக நின்றுவிட்டது. ஜெர்மன் மொழியில் இன்னமும் பிரித்தே வைத்திருக்கிறார்கள்: 'ரின்னென்' என்றால் நீர் வழிவது, 'ரென்னென்' என்றால் ஆள் ஓடுவது. ஆங்கிலத்தில் அழிந்துபோன வேறுபாடு தமிழில் உயிரோடு இருக்கிறது. அதை எடுத்துப் பதிவின் தலைப்பில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 'த பஸ் ரன்ஸ்' என்றால் பஸ் ஓடுகிறது. 'ஹி ரன்ஸ் எ பஸ்' என்றால் பஸ் ஓட்டுகிறார், அதாவது பஸ் தொழில் நடத்துகிறார். ஸ்டியரிங் பிடிப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'டிரைவ்' இருக்கிறது என்பதையும் அங்கேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொள்வதில் இன்னொரு பயனும் உண்டு. 'ஹர் நோஸ் இஸ் ரன்னிங்' என்றால் மூக்கு ஒழுகுகிறது. ஏதோ விசித்திரமான மரபுத்தொடர் என்று பிள்ளைகள் இதை உருப்போடுகிறார்கள். அப்படியல்ல, நீர் பாய்வது இந்தச் சொல்லின் ஆதிப் பொருள்களில் ஒன்று. அந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால் ஒரு கொத்தே கைக்கு வரும். குழாய் 'ரன்' ஆகிறது என்றால் தண்ணீர் திறந்து கிடக்கிறது. துணியில் தைத்த சீட்டில் 'கலர்ஸ் மே ரன்' என்றிருந்தால் சாயம் போகும், தனியாகத் துவைக்கச் சொல்கிறான். தீக்காயத்துக்கான முதலுதவிக் குறிப்பில் 'ரன் கூல் வாட்டர் ஓவர் த பர்ன்' என்று வந்தால், காயத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்துக்கு உங்கள் ஐந்து சொல்லில் எது பொருந்தும் என்று நீங்களே வைத்துப் பாருங்கள்.

இயந்திரப் பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆலையும் ரயிலும் வந்த பிறகு ஆங்கிலத்தில் அது பெருகியது, நம் ஊரிலும் அப்படியே புழங்குகிறது. பழைய வண்டி விற்பவர் 'ரன்னிங் கண்டிஷன்' என்கிறார். ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அகராதியில் மட்டும் இல்லை.

அடுத்து, கூட்டுவினைகள். பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது இங்கேதான். 'ஐ ரேன் இன்ட்டு மை டீச்சர்' என்றால் எதிர்பாராமல் ஆசிரியரைப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'ஆசிரியருக்குள் ஓடினேன்' என்று வருகிறது, விடைத்தாளில் அப்படியே எழுதியும் வைக்கிறார்கள். 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறிவிட்டது; கூட்டம் 'ரன் ஓவர்' ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது. 'ரன் டவுன்' என்பது பேட்டரிக்குச் சொன்னால் சார்ஜ் இறங்கிவிட்டது, ஆளைச் சொன்னால் மட்டம் தட்டுவது. எழுவாயோ செயப்படுபொருளோ மாறினால் பொருள் மாறுகிறது என்பதை வாக்கியம் போட்டுத்தான் காட்ட முடியும்.

'ரன் அவுட்' இன்னும் நுட்பமானது. பால் தீர்ந்துவிட்டது என்பதற்குப் பாலையே எழுவாயாக்கி 'த மில்க் ஹேஸ் ரன் அவுட்' என்னலாம். ஆளை எழுவாயாக்கினால் 'ஆஃப்' சேர்ந்தே வர வேண்டும்: 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்'. தமிழில் 'எங்களுக்குப் பால் தீர்ந்துவிட்டது' என்று நான்காம் வேற்றுமையில் சொல்லிப் பழகியவர்கள் நாம். அதனால் அந்த 'ஆஃப்' நழுவிவிடுகிறது. நழுவினால் பால் இல்லை என்ற பொருளே குலைந்து, 'வெளியே ஓடிவிட்டோம்' என்பது போல ஆகிறது. இந்த இடத்தில் தமிழர் தவறுவார் என்று முன்கூட்டி அறிந்து ஒரு வாக்கியம் போடுவதுதான் இருமொழி அகராதியின் வேலை. லண்டனில் அச்சாகும் அகராதி இதைச் செய்யாது, அதற்குத் தமிழ் தெரியாது. நீங்கள்தான் செய்ய வேண்டும்.

'போட்டியிடு' என்ற பொருளுக்கும் ஒரு குறிப்பு தேவை. அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் தேர்தலில் 'ரன்' செய்கிறார். பிரிட்டனில் பெரும்பாலும் 'ஸ்டாண்ட்' என்பார்கள். தமிழிலும் 'தேர்தலில் நிற்கிறார்' என்றே சொல்கிறோம். இந்த ஒப்பீட்டை ஒருமுறை படித்த பிள்ளை பிறகு மறக்குமா?

கால வடிவத்தையும் விட்டுவிடாதீர்கள். ரன், ரேன், ரன். நிகழ்காலமும், 'ஹேஸ்', 'ஹேவ்' பின்னால் வரும் முடிவெச்ச வடிவமும் ஒன்றாக இருப்பதால் குழம்பி, 'ஹேஸ் ரேன்' என்று எழுதுகிறார்கள். இது சிங்–சேங்–சங், பிகின்–பிகேன்–பிகன் வரிசையைச் சேர்ந்த பழைய வினை. ஒருகாலத்தில் நிகழ்காலத்தில் 'இ', 'எ' ஒலிகள்தான் இருந்தன. முடிவெச்சத்தின் 'உ' பின்னால் நிகழ்காலத்துக்கும் ஏறிக்கொண்டது. 'பிகன்' வரும் இடத்தில் 'ரன்' வரும் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

இவ்வளவு நேரம் ஒரு சொல்லையே பேசிக்கொண்டிருக்கிறேன். நோய் அந்தச் சொல்லோடு நிற்கவில்லை. 'செட்', 'டேக்', 'புட்', 'கெட்' என்று ஆங்கிலத்தைத் தாங்கி நிற்கும் சின்னச் சொற்களெல்லாம் உங்கள் பக்கங்களில் இரண்டு வரியில் முடிகின்றன. யாரும் பேசாத, எழுதாத நீளமான லத்தீன் சொற்களுக்கு மூன்று வரி. ஒரு அகராதியில் இருக்கும் வரி அச்சு மாறாமல் இன்னொன்றிலும் இருக்கிறது, பிழை உட்பட. பிள்ளைகளின் கையில் கிடைப்பது இந்த ஒரு புத்தகம்தான் என்று தெரிந்தும் இப்படி அச்சடிப்பது நியாயமே இல்லை. தமிழில் முடியாத காரியமும் அல்ல. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, தமிழ்ச் சொற்களின் பொருளை எண்ணிட்டுப் பிரித்து, வழக்கில் உள்ள வாக்கியங்களை எடுத்துக்காட்டாகக் கொடுத்தது. அதே அக்கறையை ஆங்கிலம்–தமிழ் பக்கமும் காட்டக் கூடாதா?

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதைத் திரும்பவும் தெளிவாகச் சொல்கிறேன். 'ரன்' பதிவை ஓடு, ஓட்டு என்று முதலில் இரண்டாகப் பிரியுங்கள். ஓடு பக்கம் ஆள், வண்டி, நீர், சாயம், படம் நூறு நாள் ஓடுவது. ஓட்டு பக்கம் மோட்டார், கடை, பள்ளி, கம்ப்யூட்டர் புரோகிராம். கடைக்கும் பள்ளிக்கும் 'நடத்து', மோட்டாருக்கு 'ஓட்டு', புரோகிராமுக்கு 'இயக்கு' என்று எதோடு எது சேரும் என்பதைக் காட்டுங்கள். அதன் பின் 'ரன் டிரை', 'ரன் லேட்', 'ரன் ஷார்ட்' போல நிலை மாறுவதைக் குறிக்கும் தொடர்கள்: கிணறு வற்றிவிட்டது, ரயில் தாமதமாக வருகிறது, பணம் போதவில்லை. கடைசியில் கூட்டுவினைகள், ஒவ்வொன்றும் தனி வரியில். பெயர்ச்சொல்லாக வரும்போது 'டிரயல் ரன்' என்பதற்கு 'சோதனை ஓட்டம்' என்று புதிதாகக் கட்ட வேண்டாம், தேருக்குச் சொல்லும் 'வெள்ளோட்டம்' இருக்கிறது. எல்லாம் சேர்ந்து அரைப் பக்கத்தைத் தாண்டாது. இடம் போதாவிட்டால், யாரும் தேடாத சொற்கள் சிலவற்றை எடுத்துவிடுங்கள்.

அடுத்த அச்சுக்கு அனுப்புமுன் இந்த ஒரு பதிவையாவது மாற்றித் தாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மாற்றிய பக்கத்தைத் தமிழ்வழியில் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரிடம் கொடுங்கள். கூடவே மோட்டார் பெட்டியில் வரும் அந்தத் தாளையும் கொடுத்து, என்ன போட்டிருக்கிறது என்று கேளுங்கள். 'தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது' என்று அவர்கள் சொன்ன பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.

நன்றியுடன்,
ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் ஒருவர்