லினக்ஸ் லேப்டாப்பை விற்றுவிட்டு விண்டோஸ் போட்டுக் கொடுத்தது பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்குக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது. இதையாவது ஓர் ஆள் உட்கார்ந்து படிப்பார் என்று நம்புகிறேன்.

கோத்தகிரியில் சிறு விவசாயிகளுக்குப் பசுந்தேயிலைக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பதினைந்து வருடமாக எனக்கு விண்டோஸ் இல்லை, இலவச இயங்குதளமான லினக்ஸ்தான். அதனால் லேப்டாப் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்க மாட்டேன், உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். என்விடியா கிராபிக்ஸ் சிப் வேண்டாம், இன்டெல் கிராபிக்ஸே போதும். வைஃபை சிப்பும் இன்டெல்லாக இருந்துவிட்டால் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். ஒரு மாதம் அலசிவிட்டுத்தான், லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவுடன் வருகிறது என்று நீங்கள் போட்டிருந்த மாடலை வாங்கினேன். விவரப் பட்டியலில் வைஃபை இன்டெல் என்றுதான் இருந்தது.

வந்ததோ ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ என்ற வேறு வைஃபை சிப். நீங்கள் ஏற்றி அனுப்பியது உபுண்டு 22.04, அதன் மையப் பகுதியான கெர்னலின் பதிப்பு 5.15. அந்தச் சிப்புக்கான டிரைவர் கெர்னலுக்குள் வந்ததே 6.2-இல்தான். வைஃபையே பிடிக்காத பெட்டியை சீல் ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். போனை யுஎஸ்பியில் மாட்டி, நெட் எடுத்து, புதுக் கெர்னல் போட்டு அதை நானே சரிசெய்துகொண்டேன். ஆனால் மூடியை மூடினால் தூங்கப் போகிறது, திறந்தால் எழுவதில்லை. அது லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் கோளாறாகத்தான் இருக்க வேண்டும். பயாஸ் அப்டேட்டோ உங்கள் தளத்தில் விண்டோஸில் ஓடும் எக்ஸ்இ கோப்பாக மட்டும் கிடக்கிறது. லினக்ஸ் லேப்டாப்புக்கு! லினக்ஸ்காரர்கள் இந்த மாதிரி அப்டேட்டை இறக்கிக்கொள்ளும் எல்விஎஃப்எஸ் தளத்தில் ஏற்றி வைத்திருந்தால் நான் வீட்டிலேயே போட்டிருப்பேன். இது உங்களுக்குத் தெரியாதா என்ன?

சரி, சர்வீஸ் சென்டர். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் காந்திபுரத்தில் உள்ள உங்கள் சென்டருக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மூன்று முறை வந்தேன். முதல் முறை "சிஸ்டம் டவுன்" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்து பஸ் இரண்டு மணி நேரம் நின்றது. ஜன்னல் ஒழுகியதால் லேப்டாப்பை நீலத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஃப்ரீயா கிடைக்கிறதையெல்லாம் போட்டுட்டு வந்து எங்க தலையில கட்டாதீங்க அங்கிள்." போட்டது நீங்கள்தானப்பா என்று பில்லைக் காட்டினேன். பில்லைப் படிக்காமலே "அப்ப கடையில கேளுங்க" என்றார். பக்கத்தில் இருந்த பெண் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆங், அன்று கடைசியில் லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை போனபோது "ரெடி சார்" என்று கொடுத்தார்கள். திறந்தால் விண்டோஸ்! திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று சாம்பல் நிறத்தில் எழுத்து வேறு. என்னைக் கேட்காமல் டிஸ்க்கையே அழித்திருக்கிறார்கள். பேக்கப் இல்லையா என்று கேட்காதீர்கள், இருந்தது, ஒரு மாதம் பழையது. அந்த ஒரு மாதக் கொழுந்துக் கணக்குக்கு இப்போது பாதிக் கோத்தகிரிக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் நஷ்டம் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. மானம் தனி.

தயவுசெய்து 15 நாளுக்குள், விளம்பரத்தில் சொன்ன அதே வைஃபை கார்டு உள்ள, மூடித் திறந்தால் எழுகிற லேப்டாப்பைக் கொடுங்கள். இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். சண்டை போடும் ஆள் இல்லை நான். ஆனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசத் தெரியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. எங்கள் மாவட்டத் தலைநகரான ஊட்டிக்கு நான் ஒரே பஸ்ஸில் போய்விடுவேன். கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வர வேண்டியது உங்கள் ஆட்கள்தான்.

இனி "ஒரு தடவை நேரில் கொண்டு வாங்க சார்" என்று மட்டும் போன் செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இன்னும்)
கோத்தகிரி

பி.கு.: லேப்டாப்பைச் சுற்றிக் கொண்டுவந்த நீலத் துண்டு உங்கள் கவுண்டரிலேயே இருக்கிறது. அதையும் சேர்த்து அனுப்புங்கள்.