தேர்தலில் நிற்க நினைக்கும் நார் மில் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பொள்ளாச்சியில் நிற்பது என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். இத்தனை பெரிய தென்னை நார் மில்லை நடத்துகிறவருக்குத் தொகுதியை நடத்தத் தெரியாதா என்று உங்களைச் சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்களாம். கூடவே, "மகாலிங்கம் ஐயாவும் தொழிலதிபர்தானே" என்கிறார்களாம். அதனால்தான் இந்தக் கடிதம். அருட்செல்வர் என்று நாம் அழைக்கிற, பொள்ளாச்சியின் முன்னாள் எம்.எல்.ஏ. நா. மகாலிங்கம் ஐயாவின் படத்தை உங்கள் போஸ்டரில் போடுவதற்கு முன்னால், சட்டமன்றத்தில் இருந்த காலத்தில் அவர் எதன் பின்னால் நின்றார் என்பதைக் கொஞ்சம் பாருங்கள்.

1952-ல் அவர் சட்டமன்றத்துக்குப் போனபோது வயது 29. அப்பா நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-ல் தொடங்கிய ஏபிடி பஸ் கம்பெனி கையில் இருந்தது. பணத்துக்காகவோ பெயருக்காகவோ அரசியலுக்கு வர வேண்டிய நிலை அவருக்கு இல்லை. அப்புறம் 1967 வரை, மூன்று முறை எம்.எல்.ஏ.

அந்தக் காலத்தில்தான் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் உருவானது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கிற தண்ணீரை ஆனைமலைக்குள்ளேயே பிடித்து, அணைக்கு அணை சுரங்கத்திலும் கால்வாயிலும் கொண்டுவந்து கிழக்கே திருப்புகிற வேலை. சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, திருமூர்த்தி என்று நீளும் அந்தச் சங்கிலி உங்களுக்கே தெரியும். காமராஜர், சி. சுப்பிரமணியம், வி.கே. பழனிசாமிக் கவுண்டர், மகாலிங்கம் ஐயா என்று நான்கு பேரையும் நம் விவசாயிகள் இன்றும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் செய்ததல்ல அது. 1961-ல் நேரு வந்து தொடங்கிவைத்தார். கேரளாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானதோ 1970 மே மாதத்தில். அப்போது ஐயா சட்டமன்றத்தை விட்டு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஐந்து வருடத்துக்குள் முடிந்து, தன் பெயரில் கல்வெட்டு வைக்கிற வேலைகளை மட்டும் தேடியிருந்தால் அந்தத் தண்ணீர் நமக்கு வந்திருக்காது.

அவரைப் பற்றி எல்லாமே புகழ்ச்சியாக எழுதவும் எனக்கு விருப்பமில்லை. எம்.எல்.ஏ.வாக இருந்தபோதுதான் ஈரோடு பக்கம் ஆப்பக்கூடலில் அவருடைய சக்தி சர்க்கரை ஆலை உருவாகிறது. லைசென்ஸ் இல்லாமல் எதுவும் நகராத காலம் அது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் ஆலை தொடங்கினால் இன்று என்ன கேள்வி கேட்போமோ, அதே கேள்வியை அன்றும் கேட்பது நியாயம்தான். தொழிலும் பதவியும் ஒரே வீட்டில் இருந்தால் கேள்வி வந்தே தீரும். அதைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 1972-ல் அரசு பெரிய பஸ் கம்பெனிகளை எடுத்துக்கொண்டபோது ஏபிடி பஸ்கள்தான் சேரன் போக்குவரத்துக் கழகமாக மாறின. அப்பா கட்டிய தொழில் கையை விட்டுப் போனது. அதற்குப் பிறகும் அவர் சட்டமன்றத்துக்குத் திரும்பவில்லை. கல்லூரிகள், ஓம் சக்தி இதழ், வள்ளலார் – காந்தி விழா என்று வேறு வேலைகளில் இறங்கினார். 2014 அக்டோபர் 2-ம் தேதி அவர் காலமானதும் அந்த விழாவின்போதுதான். பதவி இல்லாமல் நாற்பத்தேழு வருடம் ஊருக்கு உழைத்த மனிதர் அவர்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அரசோடு பொருள் சப்ளைக்கோ கட்டுமான வேலைக்கோ நடப்பில் ஒப்பந்தம் இருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவின்படி நீங்கள் போட்டியிட முடியாது. அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். வக்கீல் பார்க்க முடியாதது ஒன்று உண்டு. நார்க் கழிவு கழுவிய தண்ணீர் கிணறுகளில் இறங்கி நிறம் மாறுகிறது என்று நம் பக்கத்து விவசாயிகள் எத்தனை காலமாகச் சொல்கிறார்கள்! மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கெடுபிடி செய்தால், எம்.எல்.ஏ.வான நீங்கள் நார் மில்காரர்கள் சங்கத்தின் பக்கமா, கிணற்றுக்காரர் பக்கமா? வாக்கு கேட்டு வருவதற்கு முன்பே இதற்குப் பதில் சொல்லிவிடுங்கள். உங்கள் மில் கழிவுநீரை என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத்துக்கு இன்னும் தண்ணீர் சேர்க்க நினைக்கிற ஆனைமலையாறு – நல்லாறு திட்டம். இன்னும் பேச்சிலேயே நிற்கிறது. இருக்கிற தண்ணீரை நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் விடுகிறார்கள். கடைமடையில் வெள்ளகோவில்காரர்கள் தங்கள் பங்குக்காகப் போராடுகிறார்கள். அவர்களுக்கு உங்கள் தொகுதியில் ஓட்டு கிடையாது. ஆனால் அவர்கள் தண்ணீருக்கும் நீங்கள் பேச வேண்டியிருக்கும்.

வேட்புமனு போடுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். திருமூர்த்தியிலிருந்து வெள்ளகோவில் வரை வாய்க்காலை ஒட்டியே போய் வரலாம். கொடியும் ஆட்களும் வேண்டாம், நாம் இரண்டு பேர் போதும். தண்ணீர் விடும் சமயமாக இருந்தால், மடையில் நிற்கிறவர்களிடமும் பேசலாம். தேதியைச் சொல்லுங்கள், வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்