ஆன்லைனில் நடத்தியதை வகுப்பிலும் நடத்துங்கள்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியருக்கும் பள்ளி நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். மழை விடுமுறையில் நடக்கும் ஆன்லைன் வகுப்புகள் பற்றிப் பெற்றோர் கூட்டத்திலேயே இரண்டு முறை பேசிவிட்டோம். அதனால் போன திங்கட்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பத்தாவது படிக்கும் என் மகள், கணக்கு வகுப்பில், இருபடிச் சமன்பாட்டுக்கு விடை காணும் வர்க்கப் பூர்த்தி முறை புரியவில்லை என்று எழுந்து கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் மழை லீவுலயே முடிச்சாச்சு, உட்காரு" என்று பதில் வந்ததாம். வீட்டுக்கு வந்து நோட்டைக் காட்டினாள். முதல் கணக்கு மூன்றாவது வரியோடு நிற்கிறது. கீழே அரைப் பக்கம் காலி. கரண்ட் போய், கூடவே டவரும் போன இடம் அது. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருக்கிறாள். நெட் திரும்பி வந்தபோது தம்பியின் வகுப்பு தொடங்கிவிட்டது. வீட்டில் இருப்பது என் போன் ஒன்றுதான். இன்னொன்று என் கணவர் ஆட்டோ ஓட்டக் கிளம்பும்போது அவரோடு போய்விடும்.

ஆசிரியர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்குப் போர்ஷன் முடிய வேண்டும். ஆனால் நேரில் என்றால், போர்டில் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். விழிக்கிற பிள்ளைக்கு இன்னொரு தடவை சொல்வார். கேமராவை அணைத்து, மியூட்டில் இருக்கும் பிள்ளைகளில் யாருக்குப் புரிந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆன்லைனில் நடத்தியதை முடித்த பாடம் என்று எழுதிவிடாதீர்கள். வகுப்பில் மறுபடி நடத்துங்கள்.

கடலூருக்கு மழை புதிதில்லை. 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயல், அதோடு தென்பெண்ணை ஆற்று வெள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் லீவு வரும் என்று ஜூனிலேயே தெரியும். ஃபீஸ் தவணைக்குத் தேதி குறிக்கும்போதே ஈடுகட்டும் சனிக்கிழமைகளையும் குறித்திருக்கலாம். நெட்டுக்கும் நாங்கள்தான் பணம் கட்டுகிறோம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஆன்லைன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரடங்கில் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களை யூடியூபில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் படித்தவள்தான் இவளும். அதுபோலப் பதிவு செய்து கொடுத்தால் திருப்பிப் பார்க்க உதவும். புதுப் பாடம் மட்டும் வகுப்பறையில் நடக்கட்டும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால், மழை நாட்களில் ஓடிய இயற்கணிதப் பகுதியைத் தயவுசெய்து ஒருமுறை போர்டில் நடத்தச் சொல்லுங்கள். சனிக்கிழமை என்றாலும் அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவியின் தாய்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்