வாசிக்க முடியாத தாளில் என் கையெழுத்து

வெளிநாடுகளில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களின் முறைப்பாடுகளைப் பதிந்து, அவற்றுக்குக் கோவை (கோப்பு) திறக்கும் அதிகாரிகளுக்கு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. ஒரே ஒரு பக்கம், முழுவதும் சிங்களம். என் பெயரும் கோவை இலக்கமும் மட்டும் ஆங்கில எழுத்தில் இருந்தன. எங்கள் ஊரில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார், தபாலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவர் போன வருடம் காலமாகிவிட்டார். ஆகவே கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மண்டூர்த் துறையில் வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறி, குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போனேன். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறிச் சாரதி ஒருவர், கோவா மூட்டை இறக்குவதை நிறுத்திவிட்டு அதை வாசித்தார். மறுபடியும் ஒருமுறை வாசித்தார். பிறகு தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், “அக்கா, முறைப்பாடு வேண்டாம் என்று நீங்கள் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் கோவையை மூடிவிட்டார்கள்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முறைப்பாடு வேண்டாம் என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தரப்படாத ஏழு மாதச் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன வசதி இருக்கிறது?

நான் பணிப்பெண்ணாக வேலை செய்த அந்த வீட்டில் நடந்தவை உங்கள் கோவையில் இருக்கின்றன. கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டது, நான் வெளியேறிய அன்றே ‘ஓடிப்போனவள்’ என்று முதலாளி பொலிசில் பதிந்தது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் கோவையில் இருக்க முடியாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நான் உயர்தரம் வரை தமிழில் படித்தவள். அந்த நாட்டில் இருக்கும் உங்கள் பாதுகாப்பு இல்லத்தில் இரண்டு இரவு உட்கார்ந்து, மாதம், திகதி, தரப்படாத தொகை என்று எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதினேன். அதை வாங்கிப் பார்த்த உத்தியோகத்தர், வாசிக்க ஆள் இல்லை என்று திருப்பித் தந்தார். அவர் கடுமையாகப் பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து, விமானத்துக்குப் போக வாசலில் வாகனம் நிற்கும்போது, மூன்று தாள்களை மேசையில் வைத்தார். ஒன்று அரபு, ஒன்று சிங்களம், ஒன்று ஆங்கிலத்தில் என் தற்காலிகப் பயண ஆவணம். “மெதன, மெதன” என்று விரலால் தொட்டுக் காட்டினார். ‘இங்கே’ என்று அர்த்தம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். இது என்ன தாள் என்று தமிழில் கேட்டேன். பக்கத்தில் நின்ற பிள்ளை, “பயணத்துக்கான தாளாம் அக்கா, கெதியாகப் போடட்டாம்” என்றாள். மற்றப் பெண்கள் வாகனத்தில் ஏறிவிட்டார்கள். இரண்டு வருடமும் மூன்று மாதமும் காணாத என் பிள்ளைகள் இந்தப் பக்கம் காத்திருந்தார்கள். நான் கையெழுத்து வைத்தேன்.

அந்த நாட்டுப் பொலிஸ் நிலையத்தில் அரபுத் தாளில் விரல் அடையாளம் வைத்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அது அந்நிய நாடு, அவர்களுடைய மொழி. உங்கள் மேசைக்கு வந்தபோது என் நாட்டுக்கு வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுப் பணியாளருக்கென்று குவைத்து 2015 இல் சட்டம் கொண்டுவந்தது, கட்டார் 2017 இல் கொண்டுவந்தது. மாதந்தோறும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அவற்றில் இருக்கிறது. அப்படியான சட்டங்கள் எங்களுக்குப் பயன்பட வேண்டுமானால், நடந்ததை எங்கள் வாயால் சொல்லி, சொன்னபடியே எழுதப்பட வேண்டாமா? அந்த முதல் தாளிலேயே எங்கள் சொல் தொலைந்துபோனால் பிறகு எந்தச் சட்டம் எங்களைத் தேடி வரும்? 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியானது. கடவுச்சீட்டில் தமிழ் இருக்கிறது, நாணயத்தாளில் இருக்கிறது. வாக்குமூலத்தில் ஏன் இல்லை?

2022 இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்றபோது, பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள் என்று எங்களைக் கேட்டார்கள். அந்தச் செய்தி என் கைபேசிக்குத் தமிழில்தான் வந்தது. நானும் அனுப்பினேன். வாகரையிலும் கிரானிலும் வெல்லாவெளியிலும் நுண்கடன் கட்ட முடியாமல் விமானம் ஏறிய எத்தனையோ பெண்கள் அனுப்பினார்கள். எங்களிடம் கேட்கும்போது தமிழ் தெரிந்தது. நாங்கள் கேட்கும்போது வாசிக்க ஆள் இல்லை. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. மன்னியுங்கள், கோபத்தை எழுத நான் உட்காரவில்லை.

நான் கேட்பது இதுதான். தமிழ் பேசும் ஒருவர் உங்கள் முன்னால் வந்து நின்றால், அவருடைய வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுங்கள். கையெழுத்து வாங்குமுன் அந்தத் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அங்கே தமிழ் தெரிந்த ஒருவரை வைக்க முடியாவிட்டால், கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இருக்கும் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாவது வாசிக்கச் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் நான் அந்த இரண்டாம் தாளைத் தொட்டிருக்க மாட்டேன்.

அன்று திருப்பித் தரப்பட்ட என் இரண்டு பக்கங்களின் பிரதியை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். தயவுசெய்து தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகு என் கோவையை மீண்டும் திறப்பதா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். அந்த முடிவை எனக்குத் தமிழில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்து ஊர் திரும்பிய ஒருத்தி,
படுவான்கரை, மட்டக்களப்பு.