'வெறும்' குடல்வால் வலியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொலைக்காட்சிப் பக்கத்தில் 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பற்றி எழுதியவர், அதில் பில் மில்லர் என்ற பாத்திரம் சாகும் அத்தியாயத்தைச் சொல்லி, "வெறும் குடல்வால் வலிக்கு ஒருவரைச் சாகடித்தது நம்பும்படி இல்லை" என்று ஒதுக்கிவிட்டார். அந்த 'வெறும்' என்ற சொல்லில் நின்றுபோன நான், மேற்கொண்டு படிக்கவில்லை.

கதைப்படி, வைரஸில் உலகமே காலியாகி, மாலிபு கடற்கரை வீட்டில் ஒரு சிலர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். டாக்டர் என்று யாரும் இல்லை. பில்லின் குடல்வாலை அறுத்தெடுக்க, சமையல் தெரிந்த கெயில்தான் கத்தியைக் கையில் எடுக்கிறார். இதில் எது நம்பும்படி இல்லை? 1961-இல் அண்டார்டிகாவில் சோவியத் முகாமின் ஒரே மருத்துவரான லியோனித் ரோகோசோவுக்கு இதே வலி வந்தது. வேறு வழியில்லாமல், பக்கத்தில் ஒருவர் கண்ணாடி பிடிக்க, தன் வயிற்றைத் தானே அறுத்துக் குடல்வாலை எடுத்தார். அவர் அறுவை மருத்துவர், மரத்துப்போக ஊசியும் கையில் இருந்தது, பிழைத்தார். அந்த மாலிபு வீட்டில் இதெல்லாம் யாரிடம் இருந்தது?

1987 ஐப்பசியில் என் அண்ணனுக்குத் தொப்புளைச் சுற்றி வலித்தது. சூட்டு வலி என்று அம்மா விளக்கெண்ணெய் தடவினார், ஓமத்தண்ணீர் கொடுத்தார். மறுநாள் வலி வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியது, காய்ச்சலும் வாந்தியும் வந்தன. அடைமழை, பஸ் ஓடவில்லை. மூன்றாம் நாள் காலையில் வலி சட்டென்று விட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டான். அம்மா பிசைந்து ஊட்டினார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரம் அப்படி வலி அடங்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அன்று இரவே வயிறு பலகையாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தும் பிழைக்கவில்லை. அவனுக்கு வயது 22. எங்கள் ஊரிலும் அன்றைக்கு டாக்டர் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் தவறு வருவது முதல் தடவையும் இல்லை. இதே தொடர் மூன்று சீசனோடு "நிறைவாக முடிந்தது" என்று முன்பு போட்டீர்கள். நான்கு சீசன், 67 அத்தியாயங்கள். முகமூடி போட்ட கூட்டம் நிலத்தடியிலிருந்து வந்து எல்லோரையும் சூழ்ந்து நிற்பதோடு, 2018-இல் பாதியில் நிறுத்தப்பட்ட தொடர் அது. அப்போதே எழுதினேன். என் கடிதத்தில் பாராட்டிய இரண்டு வரியை மட்டும் போட்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். முப்பது வருடமாகச் சந்தா கட்டுகிறவள். அதைச் சொல்லிக்காட்டக் கூடாதுதான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

விமர்சகர் அந்த அத்தியாயத்தை ரசிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நகைச்சுவைத் தொடரில் சாவு எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அதைப் படித்துவிட்டு எந்த வீட்டிலாவது வலியோடு படுத்திருக்கும் பையனிடம் 'வெறும் குடல்வால்தானே' என்று சொல்லிவிட்டால்?

அடுத்த இதழில், அதே பக்கத்தில், ஒரே ஒரு வரி போடுங்கள்: தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலி என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும், வலி தானாக நின்றாலும் போக வேண்டும். இந்தத் தடவை வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
மன்னார்குடி