கோமதிக்கு, கிராம்பு எண்ணெய் பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் கடையைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. இனிமேலாவது உன் முதுகுக்கு ஓய்வு கொடு. இங்கே எம்.எஸ்ஸி. பிள்ளைகள் ஆளுக்கொரு இலையோடு வந்து நிற்கிறார்கள். துளசி, நொச்சி, ஆடாதோடை, குப்பைமேனி என்று லேப் முழுக்கப் பச்சிலை வாசனை.

சரி, நீ கேட்ட விஷயம். கெடாமல் இருக்கப் போடும் பென்சோயேட் உப்பை விட்டுவிட்டுக் கிராம்பு எண்ணெய் சேர்த்தால் ஊறுகாயில் பூசணம் பிடிக்காமல் இருக்குமா? கிராம்பில் இருக்கும் யூஜினால் பாக்டீரியா, பூஞ்சை இரண்டையும் கொல்லக்கூடியதுதான். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் புகுந்து அதைக் கசிய வைத்துவிடும். லேபில் கிருமி வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் ஒரு சொட்டு வைத்தால் சுற்றிலும் எதுவும் முளைக்காமல் வட்டம் விழும். ஆனால் அகாரில் எண்ணெய் கிடையாது, உன் ஜாடியில் நல்லெண்ணெய் மிதக்கிறது. யூஜினால் தண்ணீரைவிட எண்ணெயில்தான் சுலபமாகக் கரையும். அது அங்கேயே தங்கிவிடும், ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வளர்வதோ கீழே மாங்காய்த் தண்ணீரில். அங்கே போதிய அளவு இறங்கும்வரை ஊற்றிக்கொண்டே போனால், சாப்பிடுகிறவர்களுக்கு நாக்கு மரத்துப்போகும்.

கடுகு உனக்கு அதைவிட உதவும். விதைக்குள் சினிகிரின் என்ற பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. நசுங்கி ஈரம் பட்டால்தான் இரண்டும் கலந்து அல்லைல் ஐசோதயோசயனேட் உண்டாகும். மூக்கில் சுரீரென்று ஏறுமே, அந்தக் காட்டம் அதுதான். ஆவியாகவே பூசணத்தைத் தடுக்கக்கூடியது. ஆனால் கடுகை நன்றாக வறுத்துவிட்டால் நொதி கெட்டுவிடும், காட்டமும் வராது. ஆந்திராவில் ஆவக்காய்க்கு வறுக்காத கடுகைப் பொடித்துப் போடுகிறார்கள், கவனித்திருக்கிறாயா? அதற்காக உப்பையும் புளிப்பையும் குறைத்துவிடாதே. ஊறுகாயைப் பெரும்பாலும் காப்பாற்றுவது அந்த இரண்டும்தான். பூண்டும் கடுகு மாதிரிதான், நசுக்கினால்தான் அல்லிசின் என்ற கிருமிகளைக் கொல்லும் பொருள் உண்டாகும். 1944இல் கேவலிட்டோ, பெய்லி என்ற ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

ஒரே சாறு எல்லா நுண்ணுயிரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு அமிலங்கள் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா வகைகள் பலவற்றை அடக்கிவிடும், ஈஸ்ட் பாட்டுக்கு அதே பீரில் நொதித்துக்கொண்டிருக்கும். ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் பல சாறுகள் உள்ளேயே போக முடியாது. பூஞ்சையும் ஈஸ்ட்டும் செல் அமைப்பில் பாக்டீரியாவைவிட நமக்கு நெருக்கம். அவற்றை மட்டும் கொன்று நம்மை விட்டுவைக்கும் பொருள் கிடைப்பது அதனால்தான் கஷ்டம்.

இதில் என்னை இன்றைக்கும் அசரவைப்பது மரமஞ்சளில் இருக்கிற பெர்பெரின். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா மீது தனியாகப் போட்டால் பெர்பெரினுக்குப் பெரிய பலன் இல்லை. உள்ளே நுழைந்த பெர்பெரினை அந்த பாக்டீரியா நோர்-ஏ என்ற பம்பை வைத்து வெளியே தள்ளிவிடுகிறது. பெர்பெரின் உள்ள பெர்பெரிஸ் செடிகளில் இன்னொரு சேர்மமும் இருப்பதாக ஸ்டெர்மிட்ஸ், லூயிஸ் ஆராய்ச்சிக் குழுவினர் 2000இல் எழுதினார்கள். அதன் பெயர் 5'-மெத்தாக்சிஹைட்னோகார்பின். தனியாக அது எந்தக் கிருமியையும் கொல்லாது. அந்தப் பம்பை மட்டும் அடைத்துவிடும். அப்புறம் பெர்பெரின் உள்ளே சேர்ந்து சேர்ந்து வேலையை முடிக்கிறது. அதற்கு முன்பே அந்தச் சேர்மத்தை எதில் கண்டிருந்தார்கள் தெரியுமா? தொழுநோய்க்குப் பூசிவந்த நீரடிமுத்து எண்ணெயில்!

சாற்றைப் பிரித்துப் பிரித்து, எந்தத் துளி கொல்கிறது என்று மட்டும் தேடினால் இப்படிப்பட்ட துணைப்பொருள் குப்பைக்குத்தான் போகும். வட்டத்தை அளந்துவிட்டு "என் இலை ஆண்டிபயாடிக்கை ஜெயித்துவிட்டது" என்று எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறேன். வட்டத்தின் அகலம், அந்தப் பொருள் அகாரில் எவ்வளவு தூரம் பரவும் என்பதையும் பொறுத்தது. இலைச் சாற்றைக் கரைக்க ஊற்றிய மெத்தனாலே கிருமியைக் கொன்றிருக்கலாம். வெறும் மெத்தனால் வைத்த தட்டு எங்கே என்று கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இல்லை. தட்டில் வேலை செய்த சாறு உடம்புக்குள்ளும் அப்படியே வேலை செய்யும் என்று யாராவது நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்பது எனக்கு உண்மையான பயம், கோமதி.

பென்சோயேட்டை இப்போதைக்கு நிறுத்தாதே. ஆனால் அது பி.எச். 4.5க்கு மேல் போனால், அதாவது புளிப்பு குறைந்தால், சரியாக வேலை செய்யாது, அதனால் ஒவ்வொரு தடவையும் புளிப்பை அளந்து பார்க்கச் சொல். புளிப்பு சரியாக இருந்தும் கெட்டுப்போகிறது என்றால் சைகோசாக்கரோமைசிஸ் பெய்லி என்ற ஈஸ்ட்டாக இருக்கலாம். பென்சோயேட்டையும் வினிகரையும் தாங்கிக்கொண்டு வளரும் ஈஸ்ட் அது. மேலே படிவது வழுவழுப்பான வெள்ளைப் படலமா, பஞ்சு மாதிரியா என்று பார்த்து எழுது. கெட்ட பாட்டில் ஒன்றைத் திறக்காமல் தம்பியிடம் கொடுத்தனுப்பு, இங்கே தட்டில் போட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
சுபா