சீலிங் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இரும்புச் சட்டக் கட்டடங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சீக்கிரம் எழும்பும், எடை குறைவு, நடுவில் தூண் அதிகம் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இரும்பு எரியாது, அதனால் தீ பற்றிக் கவலை குறைவு என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. பீம்களுக்குத் தீக்காப்புப் பூச்சு அடிக்கும் வேலையில் பல ஆண்டுகள் சூப்பர்வைசராக இருந்தவன் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

இரும்பு எரியாதுதான், ஆனால் இளகும். கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய கம்பி சம்மட்டி அடிக்கு வளைவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உருக வேண்டுமானால் 1,500 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். தாங்கும் வலு பாதியாகக் குறைய 600 டிகிரி போதும். கட்டடப் பாகங்கள் தீயைத் தாங்குமா என்று சோதிக்கும் உலையில் பத்தே நிமிடத்தில் வெப்பம் 670 டிகிரியைத் தாண்டும், அரை மணியில் 840ஐத் தொடும்.

அந்த வெப்பம் பீமுக்குள் இறங்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் பிடித்துவைக்கத்தான் இந்தப் பூச்சு. ஜிப்சம் அல்லது சிமென்டோடு வெர்மிகுலைட் மாதிரி எடையில்லாத சரக்கைச் சேர்த்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, பம்ப் போட்டு நாசிலால் அடிப்போம். அடித்து முடித்த பீம், இட்லி மாவு பொங்கி வழிந்து காய்ந்த மாதிரி அசிங்கமாக இருக்கும். நகத்தால் சுரண்டினாலே உதிரும். மெல்லிய பீம் சீக்கிரம் சூடேறும் என்பதால் அதற்குத்தான் பூச்சு கனமாக வேண்டும். புதிதாக வரும் இன்ஜினியர்கள் பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னைப் புறநகரில் ஓர் அலுவலகக் கட்டடம். மூன்றாவது மாடி முழுக்க அடித்து, ஊசி குத்தித் தடிமன் பார்த்து, கையெழுத்தும் வாங்கிவிட்டோம். ஆறு வாரம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். ஏசி காற்று போகும் டக்டைத் தொங்கவிட வந்தவர்கள், அதைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் மாட்டுவதற்காக ஒவ்வொரு பீமின் அடியிலும் சாண் அளவுக்குச் சுரண்டியிருந்தார்கள். அப்புறம் ஸ்பிரிங்க்ளர் குழாய்க்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் கேபிள் ட்ரே. அங்கங்கே பூச்சுக்கு அடியில் இரும்பின் மேல் இருந்த சிவப்பு ப்ரைமர் பெயின்ட் பல்லை இளித்தது. கீழே ஓர் அம்மா எங்கள் பூச்சைத் துடைப்பத்தால் கூட்டிச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். (ஒரு காலத்தில் இதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தார்கள். அப்படி அடிப்பதை அமெரிக்கா 1973இல் தடை செய்தது. நாங்கள் அடித்த சரக்கில் அது கிடையாது என்பது ஒரு ஆறுதல்.)

டக்ட் மேஸ்திரியிடம் கேட்டேன். “கிளாம்ப் இரும்புல உக்காரணும்ல அண்ணே, உங்க மாவு மேலயா உக்காரும்?” என்றார். அவர் மேல் தப்பில்லை. கிளாம்புகளை முதலில் மாட்டி, அதன் பிறகு ஸ்ப்ரே அடித்து, டக்டையும் குழாயையும் கடைசியில் ஏற்றுவதுதான் முறை. அந்தக் கட்டடத்தின் வேலை அட்டவணையில் எங்களை முதலில் போட்டுவிட்டார்கள். சுரண்டிய இடத்தில் ஒட்டுப்போட யார் பணம் தருவது என்று மூன்று கான்ட்ராக்டர்களும் மாற்றி மாற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். அந்தக் கடிதப் போக்குவரத்து முடிவதற்குள் ஃபால்ஸ் சீலிங் ஏறிவிட்டது.

இந்த மாவுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடி இரும்புக் கட்டடம் 18 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பீம்கள் தொய்ந்தன, ஆனால் கட்டடம் விழவில்லை. அதன் இரும்புக்கு ஸ்ப்ரே பூச்சு இருந்தது. நியூயார்க் இரட்டைக் கோபுரங்களை ஆராய்ந்த அமெரிக்க அரசு நிறுவனமோ, விமானம் மோதியதில் பூச்சு பெருமளவு உதிராமல் இருந்திருந்தால் அவை அநேகமாக விழுந்திருக்காது என்று 2005இல் சொன்னது. அங்கே பூச்சை உதிர்க்க ஒரு விமானம் வேண்டியிருந்தது. நம் சைட்டுகளில் ஒரு ஸ்க்ரேப்பரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அடித்த மறுவாரம் பார்க்கும் தடிமன் சோதனையை, சீலிங் ஏறுவதற்கு முந்தைய நாள் இன்னொரு தடவை செய்ய வேண்டும். ஒட்டுவேலைக்கு டெண்டரிலேயே தனியாக ஒரு தொகை போட வேண்டும். மற்றபடி இப்படிப்பட்ட கட்டடத்தில் வேலை பார்க்கும் வாசகர்கள், பராமரிப்பு ஆட்களை விட்டு ஒரு சீலிங் பலகையைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். தீயில் பொங்கும் பெயின்ட் அடித்த பீம் என்றால் வழவழப்பாகத்தான் இருக்கும், அது வேறு வகை. சொரசொரப்பான பூச்சுக்கு நடுவே வெற்று இரும்பு தெரிந்தால், ஒரு போட்டோ எடுத்துக் கட்டட நிர்வாகத்துக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
தாம்பரம்.